ரிசப்ஷன் நாற்காலி

மார்கழி பிறந்துவிட்டால் காஞ்சிபுரத்தில் கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். கல்யாண வீடியோ எடுக்கிறவர்களின் கேமரா பையை விட்டு வெளியே வராது. ஆடியிலும் இதே கதைதான். அதனால் இந்த ஊரில் படம் எடுக்கிற பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் ஆடியில் எடுப்பார்கள், மார்கழியில் போட்டுக் காட்டுவார்கள்.

இதை ஆரம்பித்து வைத்தவள் ஷாரோன். கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். "மண்டபம் சும்மா இருக்குது, கேமரா சும்மா இருக்குது, நாமளும் சும்மாதான் இருக்கறோம். அப்புறம் இன்னா?" என்று கேட்டுத்தான் செவிலிமேட்டு மண்டபத்து முதலாளியைச் சம்மதிக்க வைத்தாளாம். ரிசப்ஷன் மேடையில் கட்டும் வெள்ளைத் துணிதான் திரை. விருது, கேடயம் எதுவும் கிடையாது. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு மைக்கைக் கூட்டத்துக்குள் விடுவார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாம். உன் படம் ஒருவருக்குப் பிடித்துவிட்டால் அடுத்த ஆடிக்கு அவருடைய லென்ஸோ லைட்டோ உனக்கு வரும். அதுதான் பரிசு.

இன்னொரு வழக்கமும் உண்டு. மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் அந்த மாதம் முழுக்கச் சும்மாதான் கிடக்கும். யானைக்கால் மாதிரி கால், தங்கக் கலர் பூசிய முதுகு. அவற்றை முன்வரிசையில் போட்டு, எந்தப் படம் ஓடுகிறதோ அதில் நடித்தவர்களை உட்கார வைப்பார்கள். முதல் வருஷம் யாரோ விளையாட்டுக்குச் செய்தது. பிறகு அதைச் செய்யாமல் விழா நடந்ததில்லை.

சிம்ரன் வளர்ந்தது இந்த விழாவில்தான். அவள் அப்பா சிட்டிபாபு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சினிமா ஆசையில் மகளுக்கு அந்தப் பேரை வைத்தவர். படிப்பு முடித்ததும் வீடியோக்காரர் வேல்முருகனிடம் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுடைய முதல் படத்தைப் போட்டபோது கூட்டத்திலிருந்து ஒரு டீக்கடைக்காரர் எழுந்தார். "படம் நல்லாதான் இருக்குதும்மா. ஆனா பேசறவங்க எல்லாம் கெணத்துக்குள்ள இருந்து பேசறாங்களா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. அவளுக்கு அழுகை வந்தது. மறுநாள் வேல்முருகன் தன்னிடமிருந்த நல்ல மைக்கை எடுத்து வந்து அவள் மேஜையில் வைத்தார். "அடுத்த படத்துக்கு கெணத்த வுட்டு வெளிய வா" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது படத்துக்கான கதை அவளுக்குக் கல்யாண வீடியோ ஒன்றிலிருந்தே கிடைத்தது. தென்னேரிக்காரர்கள் வீட்டுக் கல்யாணம், இதே மண்டபத்தில் நடந்தது. அதை வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு இடத்தில், திறந்திருந்த சமையற்கட்டுக் கதவு வழியாக, அண்டா கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து மேடையைப் பார்ப்பது தெரிந்தது. சிம்ரனுக்கு அந்த முகம் தெரியும். சிம்ரனின் தெருக்கோடியில் இருக்கும் எல்லம்மாள். அந்த மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவள்.

"எங்க அண்ணன் பொண்ணு கல்யாணம்தான் அது" என்றாள் எல்லம்மாள், கேட்டபோது.

"பின்ன நீ ஏன் அத்தே ஒரு போட்டோல கூட இல்ல?"

"போனேனே. மேடை வரைக்கும் போனேன். எங்க அண்ணி, 'எல்லம்மா, உன் கை ஈரமா இருக்குது, பொடவையெல்லாம் கறை, மாப்ள வூட்டுக்காரங்க பாக்கறாங்க, அப்புறம் எடுத்துக்கலாம்'னுச்சி. சரின்னு போயிட்டேன். அப்புறம் எங்க எடுக்கறது?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "அதுவும் ஒரு வகைல நெசம்தானே. ஈரமாத்தான் இருந்திச்சி."

சிம்ரன் சிரிக்கவில்லை. அந்த ஆடியிலேயே படத்தை எடுத்துவிட்டாள். பெரிய கதை எதுவும் இல்லை. கல்யாணம் முடிந்த மண்டபம், பாத்திரம் கழுவுகிற ஒரு பெண்ணின் ஒரு பகல். கடைசியில் எல்லோரும் போன பிறகு அவள் கூடத்துக்கு வந்து அந்த நாற்காலிகளைத் துடைக்கிறாள். சுற்றிப் பார்க்கிறாள். ஒன்றில் உட்காருகிறாள். அவ்வளவுதான் படம்.

அந்தக் கடைசிக் காட்சிக்கு எல்லம்மாள் உட்காரவே மாட்டேன் என்றாள்.

"மொதலாளி பாத்தா இன்னா ஆவறது?"

"மொதலாளிதான் வாசல்ல நின்னு வேடிக்க பாத்துக்கினு இருக்காரே. உக்காரு அத்தே."

உட்கார்ந்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டு, "இன்னாம்மா இது, முதுவுல குத்துது? இதுல உக்காந்துக்கினா அந்தப் பொண்ணுங்க அவ்ளோ நேரம் சிரிக்குதுங்க?" என்றாள். கேமரா பிடித்திருந்த வேல்முருகனுக்குச் சிரிப்பில் கை ஆடிவிட்டது. மறுபடி எடுத்தார்கள்.

எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது எல்லம்மாள் மெதுவாகக் கேட்டாள். "ஏம்மா, மார்கழில படம் போடறப்ப, நடிச்சவங்கள இதுல உக்கார வெப்பீங்களே. என்னயுமா?"

"உன்னத்தான் மொதல்ல."

"நெசமா?"

"உன் தலை மேல அடிச்சி சத்தியம் பண்ணட்டா?"

எல்லம்மாள் அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்டின்னா எங்க பவுனு அண்ணிய கூட்டியாரணும்" என்றாள்.

*

மார்கழிக்கு முன்னால் அந்த மின்னஞ்சல் வந்தது. வேறு மாநிலத்தில், கடலோர நகரம் ஒன்றில் நடக்கும் பெரிய விழா. படத்தைச் சும்மா அனுப்பிப் பார்த்திருந்தாள். எடுத்துக்கொண்டார்கள். போக வர டிக்கெட், தங்க ஓட்டல் எல்லாம் அவர்கள் செலவு. ஒரே ஒரு நிபந்தனை: படத்தின் முதல் காட்சி அவர்கள் விழாவில்தான் நடக்க வேண்டும், அதற்கு முன் எங்கும் பொதுவில் போட்டிருக்கக் கூடாது. தேதியைப் பார்த்தாள். செவிலிமேட்டு விழா நடக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை.

ஷாரோனின் கடைக்குப் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

ஷாரோன் ஆல்பத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். ஒரு கணம் அவள் முகம் வாடியது. பிறகு எழுந்து வந்து சிம்ரனைக் கட்டிக்கொண்டாள். "போடி. நாம இத்த ஆரம்பிச்சதே இதுக்குத்தான். இங்க இருந்து ஒருத்தராவது வெளிய போவணும்னுதானே?"

"கடைசிப் படமா என்னுதத்தானே வெச்சிருந்த?"

"வேற ஒண்ணு வெச்சிக்கறேன். நீ குரூப்ல ஒரு மெசேஜ் போட்டுடு."

சிம்ரன் வாட்ஸப் குழுவில் போட்டாள். வாழ்த்துகள் வந்து குவிந்தன. கைதட்டும் கைகள், இதயங்கள், பட்டாசுகள். அந்தக் குழுவில் எல்லம்மாள் இல்லை. அவளிடம் இருந்தது பட்டன் போன். எல்லம்மாளுக்குச் சொல்ல வேண்டும் என்று சிம்ரன் நினைத்தாள். அவள் வீட்டு வாசல் வரை ஒரு நாள் போனாள், பூட்டியிருந்தது. ஷாரோன் மண்டபத்தில் எல்லம்மாளைத் தினமும் பார்க்கிறாள், சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். சிம்ரனின் படம், அவளே சொல்லியிருப்பாள் என்று ஷாரோன் நினைத்துக்கொண்டாள்.

அப்பாவிடம், தன் படத்தைப் பெரிய விழாவில் போடுகிறார்கள் என்று சொன்னாள். நிபந்தனையைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் இருந்த சந்தோஷத்தில் அது எதற்கு என்று விட்டுவிட்டாள். சிட்டிபாபுவைப் பொறுத்தவரை படம் என்பது பென் டிரைவில் இருப்பது. அங்கே ஒன்று ஓடும், இங்கே ஒன்று ஓடும். அதில் என்ன சிக்கல்?

*

பெரிய விழாவில் கழுத்தில் மாட்ட ஒரு அட்டையும் தோளில் மாட்ட ஒரு துணிப்பையும் கொடுத்தார்கள். அவள் படம் காலையில் முதல் காட்சி. ஏசி குளிரில் அங்கொருவர் இங்கொருவராக உட்கார்ந்திருந்தார்கள். திரை அவ்வளவு பெரியதாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது. எல்லம்மாள் கையில் இருந்த வெடிப்புகள்கூடத் தெரிந்தன. சிம்ரனுக்கு உடம்பு சிலிர்த்தது. அது பொய்யில்லை. பக்கத்து வரிசையில் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் பொய்யில்லை.

முடிந்ததும் மைக்கை ஒருவர் வாங்கினார். அந்தப் பெண் நிஜமாகவே பாத்திரம் கழுவுகிறவரா, நடிகையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நிஜம்தான் என்றாள். அருமை என்றார். வேறு கேள்வி வரவில்லை. கிணற்றுக்குள் இருந்து பேசுகிறார்களா என்று கேட்க அங்கே டீக்கடைக்காரர் யாரும் இல்லை.

மதியம் வரவேற்பு மேஜையில் ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை வாங்கப் போனபோது, அங்கே இருந்த பெண் பேச்சுக் கொடுத்தாள். சிம்ரன் தன் ஊரிலும் இன்று ஒரு விழா நடக்கிறது, உங்களுக்காகப் படத்தை அதிலிருந்து விலக்கிக்கொண்டேன் என்று சொன்னாள்.

"ஏன் விலக்கினீங்க? எங்க காட்சி காலையிலேயே முடிஞ்சிடுச்சே. அதுக்கப்புறம் நீங்க எங்க வேணாலும் போடலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போமே" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிச் சிரித்தாள் அவள்.

சிம்ரன் வெளியே வந்து நின்றாள். கேட்கவே தோன்றவில்லை. நிபந்தனை என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். கேட்டால் எங்கே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். செவிலிமேட்டில் விழா அப்போதுதான் தொடங்கியிருக்கும். அவள் படத்தின் பிரதி ஷாரோனின் லேப்டாப்பிலேயே இருக்கிறது. ஒரு போன் போட்டால் கடைசியில் ஓட்டிவிடலாம்.

போனை எடுத்தாள். என்னவென்று சொல்வது? அத்தனை பேர் வாழ்த்தி அனுப்பிய பிறகு, தெரியாமல் விலக்கிவிட்டேன் என்றா? நிகழ்ச்சியை எல்லாம் மாற்றி வைத்திருப்பார்களே. அந்த நேரத்தில், காலையில் அறிமுகமான ஒருவர் வந்து, ஒரு தயாரிப்பாளர் டீ குடிக்கிறார், வந்தால் அறிமுகப்படுத்துகிறேன் என்றார். சிம்ரன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் பின்னால் போனாள். தயாரிப்பாளர் அவள் பேரைக் கேட்டுச் சிரித்தார். நம்பரை வாங்கிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் அப்பா கூப்பிட்டார்.

"இன்னாம்மா நீ, இங்க உன் படத்த போடலயே?"

"இங்க போட்டுட்டோம்பா. அதனால அங்க..."

"அத்த மொதல்லயே சொல்றது இல்ல? நான்தான்மா தென்னேரிக்குப் போயி அவங்களக் கூட்டியாந்தேன். எல்லம்மா அண்ணன், அண்ணி, பசங்க, சொந்தக்காரங்கன்னு வண்டி நெறைய. எல்லம்மா கல்யாணத்துக்கு வர மாரி புதுப்பொடவ கட்டிக்கினு, பூ வெச்சிக்கினு வந்திச்சி. நேரா போயி அந்த நாற்காலில உக்காந்துடுச்சி."

சிம்ரன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"புதுசா ஒரு புள்ள நின்னுச்சி, பேரு வசந்த்தாம். காலேஜ் புள்ள. அதுக்கு இன்னா தெரியும்? 'யக்கா, இது நடிச்சவங்களுக்கு, நீங்க பின்னால போங்க'ன்னிச்சி. 'நான்தான்பா நடிச்சிருக்கறன்'னு எல்லம்மா சொல்லுது. அவன் பேப்பரப் பாத்துட்டு, 'இல்லீங்களே யக்கா, இன்னிக்கு அப்டி ஒரு படமே இல்ல'ங்கறான். அண்ணி பக்கத்துலயே நிக்குது."

"ஷாரோன் அக்கா எங்க போச்சி?"

"அது மேல புரொஜக்டராண்ட. கீழ எறங்கி வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி. அந்தப் பவுனு இருக்குதே, 'நடிச்சவள எழுப்பி வுடற சினிமா எங்கனா இருக்குதா? அண்டா கழுவறதப் படம் புடிக்கறாங்களாம், இவ சொன்னா நாமளும் வண்டி ஏறிக்கினு வந்தோம் பாரு'ன்னு வாசல்ல நின்னு சிரிச்சிது. எனுக்கே மூஞ்சிய எங்க வெச்சிக்கறதுன்னு தெரில. எல்லம்மா ஒண்ணும் சொல்லல. கண்ணத் தொடச்சிக்கினு நடந்தே வூட்டுக்குப் போயிடுச்சி."

பிறகு அப்பா கேட்டார். "அங்க எல்லாரும் பாத்தாங்களா? நல்லா இருக்குதுன்னாங்களா?"

"சொன்னாங்கப்பா" என்றாள்.

*

ஊர் திரும்பிய அன்றே எல்லம்மாள் வீட்டுக்கு ஓடினாள். எல்லம்மாள் திட்டுவாள், கதவைச் சாத்துவாள் என்று நினைத்துக்கொண்டு போனாள். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. "வாம்மா, ஊரெல்லாம் எப்டி இருந்திச்சி, கடல்ல குளிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே காபி வைத்தாள்.

"அத்தே, தப்பு என் மேலதான். உங்கிட்ட நான் சொல்லியிருக்கணும்."

"வுடும்மா. உனுக்கு நல்லது நடக்கறப்ப இத்தெல்லாம் யாரு நெனப்பாங்க?"

அந்த 'யாரு நெனப்பாங்க' சிம்ரனைக் குத்தியது. குத்த வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அதனால் இன்னும் குத்தியது.

"லேப்டாப் எடுத்தாந்திருக்கறன். இப்பவே போட்டுக் காட்டறேன், பாரு."

"கை வேலையா இருக்குதும்மா. அப்புறமா பாக்கறேன்."

"தென்னேரிக்கே கொண்டுபோயி உங்க அண்ணி வூட்லயே போடறேன் அத்தே."

எல்லம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "வாணாம்மா. திரும்பவும் போயி, வாங்க வாங்க, நெசமாவே நடிச்சிருக்கறேன்னு நான் கூப்படணுமா? அது நல்லா இருக்காது."

அப்புறம் என்பது வரவே இல்லை. தை பிறந்து கல்யாணங்கள் தொடங்கின. எல்லம்மாள் செவிலிமேட்டு மண்டபத்தை விட்டுவிட்டு சின்ன காஞ்சிபுரம் பக்கம் வேறொரு மண்டபத்தில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே பாத்திரம் கழுவ நல்ல தண்ணீர் வருகிறது என்று காரணம் சொன்னாள்.

தயாரிப்பாளர் போன் செய்யவில்லை. படம் இன்னும் இரண்டொரு ஊர்களுக்குப் போய் வந்தது. ஆடி வந்தது. வழக்கம்போல லென்ஸ்களும் லைட்டுகளும் கை மாறின. ஆனால் மார்கழிக்குப் படம் கேட்டு ஷாரோன் போன் செய்தபோது, ஒவ்வொருவரும் இழுத்தார்கள்.

"வெளிய அனுப்பியிருக்கறேன்கா. பதில் வரட்டும். இங்க போட்டுட்டா அப்புறம் எடுத்துக்க மாட்டாங்களாமே? சிம்ரன் அக்கா கூட அப்டித்தானே பண்ணாங்க?" என்றான் வசந்த். அவனும் இப்போது ஒரு படம் எடுத்திருந்தான். வேல்முருகனின் கேமராவில்.

ஷாரோன் அதைச் சிம்ரனிடம் கோபமில்லாமல்தான் சொன்னாள். "அவனையும் தப்பு சொல்ல முடியாதுடி. ஆனா எல்லாரும் வெளிய போட்டுக்கினு இருந்தா, படம் எடுக்கறதுக்கு இங்க யாரு கத்துக்கொடுப்பாங்க? கேமராவ யாரு கொடுப்பாங்க?" பிறகு, "உன் படத்தப் போடலாமா?" என்று கேட்டாள்.

*

இந்த முறை சிம்ரன் யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு அப்பாவோடு போனாள். எல்லம்மாள் தட்டைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"இன்னா சிட்டிபாபு, பொண்ணுக்கு மாப்ள பாத்துட்டியா?"

"மாப்ள எங்க சிக்கறான்? உன்னத்தான் கூப்ட வந்திருக்கறோம்."

"வரேன், வரேன். கண்டிப்பா வரேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டாள். அண்ணியைப் பற்றி யாரும் பேசவில்லை.

விழா அன்று மண்டபத்தில் போன வருஷத்துக் கூட்டத்தில் பாதிகூட இல்லை. சிம்ரன் காலையிலேயே வந்து ஒரு சிவப்பு நாற்காலியைத் தன் கையாலேயே துடைத்து முன்வரிசை நடுவில் போட்டாள். வேறு யாரும் உட்கார்ந்துவிடாதபடி பக்கத்திலேயே நின்றாள். படம் ஆரம்பிக்க வேண்டிய நேரம் வந்தும் எல்லம்மாள் வரவில்லை. ஷாரோன் மேலே இருந்து கையைக் காட்டிக் கேட்டாள். இரு, இரு என்று சிம்ரன் கையைக் காட்டினாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டார்கள்.

திரையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. சிம்ரன் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசைக்கும் பின்னால், சமையற்கட்டுக் கதவை ஒட்டிக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் எல்லம்மாள் உட்கார்ந்திருந்தாள். பின்வழியாக வந்திருக்கிறாள். பழைய புடவைதான். தலையில் பூ இல்லை.

சிம்ரன் குனிந்தபடி ஓடினாள். "அத்தே, முன்னால வா. உனக்குத்தான் நாற்காலி போட்டு வெச்சிருக்குது."

"இருக்கட்டும்மா. இங்கயே நல்லா தெரியுது."

"அத்தே, ப்ளீஸ்."

"வாணாம்மா. அங்க உக்காந்தா எழுப்புவாங்க" என்றாள் எல்லம்மாள். கோபமோ கிண்டலோ அந்தக் குரலில் இல்லை. வெயிலில் போனால் தலை வலிக்கும் என்று சொல்வது மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

சிம்ரன் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். படம் ஓடியது. வெள்ளைத் துணியின் சுருக்கத்தில் எல்லம்மாளின் முகம் அவ்வப்போது நெளிந்தது. அண்டாவை உருட்டும்போது கூட்டம் சிரித்தது. டீக்கடைக்காரர் "அப்டிப் போடு எல்லம்மா" என்று கத்தினார். கடைசியில், ஆளில்லாத மண்டபத்தில் அவள் சுற்றிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வெளிச்சத்தில் முன்வரிசை நடுவில் காலியாகக் கிடந்த அதே நாற்காலியும் பளபளவென்று தெரிந்தது. சிம்ரனால் அதைப் பார்க்க முடியவில்லை. அவள் பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்தாள். எல்லம்மாள் வாயை லேசாகத் திறந்தபடி, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு எரிந்தது. கைதட்டல் நிற்கவே இல்லை. எல்லோரும் திரும்பித் திரும்பி அவளைத் தேடினார்கள்.

"கெட்டியாத்தான் எடுத்திருக்கற சிம்மு" என்றாள் எல்லம்மாள். பிறகு, "அன்னிக்கே போட்டிருந்தா அண்ணி பாத்திருக்கும்" என்றாள்.

வேல்முருகன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எல்லம்மா, வா வா. மேடையில நின்னு ஒரு போட்டோ. நீ, சிம்ரன், ஷாரோன் மூணு பேரும். வா."

எல்லம்மாள் எழுந்தாள். ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றாள். இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"கை ஈரமா இருக்குதுப்பா. அப்புறமா எடுத்துக்கலாம்" என்றாள்.

துடைத்த கையைத்தான் சிம்ரன் பார்த்துக்கொண்டிருந்தாள். அது காய்ந்துதான் இருந்தது.